வழிப்பொதி

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், முன்னர் என்னிடம் பாலபண்டித வகுப்பிற் பயின்றவரும் இப்பொழுது தாமும் ஆசிரியராய் இருப்பவருமாகிய அன்பர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். வழக்கமாக அவர் வந்தால் இலக்கண ஐயம் ஒன்றும் உடன் வரும். அன்று வரவில்லை. திண்ணையில் இருந்ததும் இராததுமாகக் கைப்பேசியை நீட்டி, “ஐயா, இது எப்பிடி?” என்று கேட்டார்.

படத்தில் மூன்று அலுமினியப் பெட்டிகள் இருந்தன. மோட்டார்ச் சைக்கிளின் பின்சில்லுக்கு வலப்புறம் ஒன்று; இடப்புறம் ஒன்று; இருக்கைக்குப் பின்னே உயரத்தில் ஒன்று. மூலைதோறும் ஆணி அறைந்து, பூட்டும் திறப்பும் பொருந்தி, நகை அடைவு பிடிப்பவரின் பெட்டகம் மூன்று குட்டி போட்டதுபோற் காட்சியளித்தன. விலையை விசாரித்தேன். அன்பருடைய இரண்டு மாதச் சம்பளம்.

சித்திரை விடுமுறையில் அன்பரும் நண்பர் இருவரும் பருத்தித்துறையிலிருந்து புறப்பட்டு, திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில் வழியாகத் தெய்வேந்திரமுனையைக் கண்டு, காலி, கொழும்பு, புத்தளம், மன்னார் என்று மேற்குக் கரையால் வீடு திரும்ப எண்ணியிருக்கின்றனர். வண்டிகள் இரண்டு, ஆட்கள் மூவர், நாட்கள் எட்டு. வழி 1,300 கிலோமீற்றருக்குக் குறையாது. நல்ல எண்ணம். நாட்டின் ஊர்களைப் படத்திலே காட்டிப் பாடஞ் சொல்லும் ஆசிரியர் அவற்றைக் காலால் மிதித்து வருதல் மாணாக்கருக்கும் நன்மை. ஆனால் பெட்டி வாங்குதலைப் பயணத்தின் முதற் காரியமாக வைத்தாரே, அதுதான் எனக்கு உடன்பாடில்லை. அதை அவருக்குச் சொன்னேன். அவர் வாதாடினார். வாதத்தில் எனக்குத் தோன்றியவற்றையும், அவர் போனபின் தோன்றியவற்றையும் இங்கே எழுதுகின்றேன்.

பண்டிதனுக்கு மோட்டார்ச் சைக்கிளில் என்ன வேலை என்று சிலர் நகைத்தல் கூடும். நகைக்கட்டும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முப்பது வருடமாக ஓட்டுகின்றேன். பெற்றோல் கிடையாத காலத்தில் மண்ணெண்ணெயில் ஓட்டி, ஊர் முழுவதும் புகை பரப்பிய தலைமுறையைச் சேர்ந்தவன் நான். வண்டியைக் குறித்து எனக்குத் தெரியாதது மிகுதி. பொதியைக் குறித்துச் சிறிது தெரியும். அந்தச் சிறிதையும் பெரிய விலை கொடுத்தே கற்றேன். அதனைப் பின்னர்ச் சொல்வேன்.

முதலிற் சொல்லை நோக்குவோம். பொதி, மூட்டை, கட்டு, பாரம், சுமை என்று நம்மவர் பல சொற்கள் வைத்திருக்கின்றனர். விமான நிலையங்களிலே பயணப்பொதி என்று எழுதியிருக்கின்றார்கள். பொருத்தமான சொல்லே. பொதிதல் என்பது உள்ளே வைத்து மூடுதல். சுமையோ தாங்குகின்றவன் பக்கத்துச் சொல். ஒரே பொருள் கட்டுகின்றவனுக்குப் பொதியாகவும் தாங்குகின்றவனுக்குச் சுமையாகவும் இருக்கின்றது. வீட்டு முற்றத்திலே நின்று கட்டும்போது நாம் பொதியை மாத்திரமே காண்கின்றோம். சுமையைக் காண்பது வண்டி. அதுவும் முதல் வளைவிலே.

மலைபடுகடாத்தைப் பாடங் கேட்டவர்கள் அதன் தொடக்கத்தை மறந்திரார். நன்னனிடம் பரிசில் பெறச் செல்லும் கூத்தர் கூட்டம் மலைவழியிலே எதிர்ப்படுகின்றது. முழவு, ஆகுளி, பாண்டில், கொம்பு, தூம்பு, குழல், தட்டை, எல்லரி, பதலை என்று எத்தனையோ கருவிகள். இவை எல்லாவற்றையும் பைகளிலே இட்டுச் சுருக்கி, காவுதடியின் இரு தலையிலும் நிறை ஒத்திருக்கும்படி தொங்கவிட்டுச் செல்கின்றனர். பார்த்த புலவருக்குப் பலாமரத்திலே காய்கள் கொத்தாகத் தொங்குகின்ற தோற்றம் நினைவுக்கு வருகின்றது. அந்தப் பைக்குக் கலப்பை என்று பெயர். உழுகின்ற கலப்பை அன்று. கலங்களை இட்ட பை. மாணாக்கர் இந்த இடத்திற் சிரிப்பர். நான் சிரிக்கவிட்டு, பிறகு கேட்பதுண்டு: இரு புறமும் நிறை ஒத்திருந்தது என்பதைப் புலவர் ஏன் எடுத்துச் சொல்ல வேண்டும்? மலைவழியிலே ஒருபுறம் தாழ்ந்த காவடியோடு நடந்து பார்த்தவனுக்கு விடை தெரியும். மோட்டார்ச் சைக்கிளின் இருபுறப் பைகளும் அந்தக் காவடியின் மரபே. கண்டி மலைநாட்டுக்கு உப்பும் கருவாடும் ஏற்றிப்போய்ப் பாக்கு ஏற்றிவந்த பொதிமாடுகளின் முதுகிலும் இதே முறை இருந்தது. முதுகின் மேலே குவித்துக் கட்டினால் மாடு தள்ளாடும். விலாவின் இருபக்கமும் தாழத் தொங்கவிட்டால் நடக்கும். மாட்டுக்குத் தெரிந்த இந்த இயல்நூல் உண்மையைக் கடைக்காரர் சிலர் அறியார்.

அன்பர் காட்டிய படத்திலே, மூன்று பெட்டிகளுள் மிகப் பெரியது உயரத்தில் இருந்த பின்பெட்டிதான். எட்டத்தக்க இடத்தில் இருப்பதால் எல்லோரும் அதிலேதான் கனத்த பொருளை இடுவர். அது பின்னச்சுக்கும் பின்னே, இருக்கைக்கும் மேலே நிற்கின்றது. அங்கே ஏற்றுகின்ற நிறை ஏற்றக்கோலின் பின்முனையில் ஏறிய ஆளைப் போல முன்சில்லைத் தூக்கப் பார்க்கும். முன்சில்லு இலேசானால் கைபிடி சொற்கேளாது. நேர்வீதியில் வேகம் கூடும்போது வண்டி பாம்பு நெளிவதுபோல நெளியத் தொடங்கும். இதனாலேயே பின்பெட்டி செய்கின்றவர்கள் பலர் 5 கிலோவோ 10 கிலோவோதான் அதில் இடலாம் என்று மூடியின் உட்புறத்திற் சிறிய எழுத்தில் ஒட்டிவைக்கின்றனர். அதை வாசிப்பவர் யார்? பெட்டிக்குள் இடம் இருக்கின்றது, ஆகவே இடுகின்றோம்.

நிறைக் கணக்கு ஒன்றும் உண்டு. வண்டியோடு தரப்படுகின்ற கைந்நூலிலே, எல்லாம் ஏற்றிய நிலையில் வண்டி தாங்கத்தக்க உச்ச நிறை குறிக்கப்பட்டிருக்கும். அதில் வண்டியின் சொந்த நிறையைக் கழித்தால் மிஞ்சுவதே ஓட்டுகின்றவர், பின்னே இருப்பவர், பொதி ஆகிய மூன்றுக்கும் உரியது. அன்பருடையது 150 சீசீ வண்டி. கைந்நூலை எடுப்பித்துக் கணக்குப் பார்த்தோம். அன்பர் 75 கிலோ. பின்னே இருக்கப்போகும் நண்பர் 65 கிலோ. இருவரும் ஏறியதும் மிஞ்சியது சொற்பம். பக்கப்பெட்டிகள் இரண்டும், அவற்றைத் தாங்குகின்ற இரும்புச் சட்டமும் மாத்திரம் வெறுமையாகவே 15 கிலோவை எட்டுவன. ஒரு சட்டை, ஒரு சாரம் உள்ளே வைக்குமுன்னரே பெட்டி தன் பங்கை உண்டு முடித்துவிடுகின்றது! துணியாலான இருபுறப் பைகள் இதில் நாலிலொன்றும் நிறையா. 1,200 சீசீ வண்டியில் உலகஞ் சுற்றுகின்ற செருமானியருக்கு ஏற்ற பெட்டி நம்முடைய வண்டிக்கு ஏற்றது என்று கொள்ளுதல், பெரியவரின் பாதரட்சையைக் குழந்தைக்கு அணிவிப்பது போலாம்.

“அப்பிடியெண்டால் உலகஞ் சுற்றினவையெல்லாம் பெட்டியோடைதானே போயிருக்கினம்?” என்றார் அன்பர். எல்லோரும் அல்லர். அவ்வரலாறுகள் சுவையானவை, சிறிது தரித்து நோக்கலாம்.

மோட்டார்ச் சைக்கிளில் உலகை முதன்முதற் சுற்றியவர் என்று சொல்லப்படுகின்ற கார்ல் ஸ்ரேர்ன்ஸ் கிளான்சி என்னும் அமெரிக்கர் 1912 இல் தொடங்கி 1913 இல் முடித்தார். ஹென்டர்சன் என்னும் நான்கு உருளை வண்டி. 18,000 மைல். அவர் வழியில் நம் இலங்கைக்கும் வந்து இங்கே ஓட்டினார் என்பது நம்மவர் பலருக்குத் தெரியாது. 1932 இல் இலண்டனிலிருந்து புறப்பட்டுத் தோக்கியோ வரை சென்ற றொபேட் எடிசன் புல்ரன் என்னும் இளைஞர் சலனப்படக் கருவியையும் உடன் கொண்டு சென்று ஏறத்தாழ 40,000 அடி படம் பிடித்தார். அவருக்கு அது பொதியன்று. பயணத்தின் பயனே அதுதான். 1973 இல் ஆன் பிரான்ஸ் டோத்வில் என்னும் பிரெஞ்சுப் பெண்மணி தனியே உலகைச் சுற்றியது 125 சீசீ வண்டியில். நம்மூரில் அஞ்சற்காரர் ஓட்டுகின்ற அளவு. அவர் எடுத்துச் செல்லாதவற்றின் பட்டியல் கிடைக்குமாயின் அதை அச்சிட்டு வழங்கலாம்.

மாறான உதாரணமும் இருக்கின்றது. 1952 இன் தொடக்கத்தில் ஏணெஸ்ரோ குவேராவும் அல்பேட்டோ கிரனாடோவும் பழைய நோட்டன் 500 வண்டியொன்றில் தென்னமெரிக்காவைச் சுற்றப் புறப்பட்டனர். வண்டிக்கு வலிமையுடையாள் என்று பொருள்படும் பெயர். அந்த வலிமையுடையாளின் முதுகிலே இருவரும் ஏறி, பைகளும் கூடாரமும் படுக்கையும் ஏற்றி, காதலிக்குக் கொடுப்பதற்கென்று நாய்க்குட்டி ஒன்றையும் ஏற்றினர். விழுந்த விழுகைகளுக்கு அவர் குறிப்பேட்டிலே கணக்கில்லை. சில்லி நாட்டிலே வண்டி ஒரேயடியாகப் படுத்துவிட்டது. மீதி வழியை அவர்கள் பிறர் வண்டியிலும் கப்பலிலும் சென்றார்கள். பின்னாளில் அவர் சே குவேராவாகிப் பெரிய சுமைகளைத் தூக்கினார். அது வேறு கதை.

பெட்டியின் பக்கத்தில் நிற்கத்தக்க சாட்சியும் ஒருவர் இருக்கின்றார். அவரை மறைத்தல் நீதியன்று. எல்ஸ்பெத் பியேட் என்னும் ஆங்கிலப் பெண்மணி, கட்டடக்கலை மாணவி, 1982 முதல் 1984 வரை பழைய பீஎம்டபிள்யூ வண்டியொன்றில் உலகைச் சுற்றினார். சிட்னி நகரிலே சில மாதம் தங்கி வேலைசெய்தபோது அலுமினியத் தகட்டைத் தாமே மடித்து, ஆணி அறைந்து, பூட்டத்தக்க பெட்டிகளைச் செய்துகொண்டார். பிறகு பினாங்கிலிருந்து கப்பலேறிச் சென்னையில் இறங்கி வடக்கே சென்றார். தனியே செல்லும் பெண்; ஊர்தோறும் வண்டியை வீதியில் நிறுத்திவிட்டுப் போகவேண்டும்; பூட்டு அவருக்கு இன்றியமையாதது. ஆயினும் நோக்குக: அவர் முதலிற் புறப்பட்டார்; வழி நடந்து தமக்கு வேண்டியது எது என்று கண்டார்; பின்னரே பெட்டி செய்தார். தம் பொருளின் அளவுக்குப் பெட்டியை அளந்தார். நாம் பெட்டியின் அளவுக்குப் பொருளைத் தேடுகின்றோம்.

பெட்டிக்கு இன்னொரு குற்றமும் உண்டு. மணலிலும் கிரவலிலும் மெல்லப் போகும்போது வண்டி சரிந்தால் ஓட்டுநர் காலை ஊன்றுவது இயல்பு. ஊன்றிய கால் நிலத்தில் நிற்க, வண்டி முன்னே செல்ல, பின்னாலே வருகின்ற தகட்டுப்பெட்டியின் விளிம்பு கணைக்காலிலே வந்து மோதும். வண்டி முற்றாக விழுந்தால் பெட்டிக்கும் நிலத்துக்கும் நடுவே கால் அகப்படும். துணிப்பை நசிந்து இடங்கொடுக்கும், பெட்டி கொடாது. சரிந்த வண்டி நிலத்தோடு நிலமாகப் படியாமல் பெட்டி தாங்கி நிற்கும், எழுப்புவது எளிது என்று சிலர் வாதிப்பர். உண்மைதான். வண்டிக்கு நன்மை. கால் என்னுடையது அல்லவா? அகலத்தையும் மறத்தலாகாது. கைபிடி நுழைந்த இடத்திற் பெட்டி நுழையும் என்று எண்ணிக் கொழும்பு நெரிசலில் முச்சக்கர வண்டியின் பக்கத்தைச் சுரண்டியவர்கள் உளர்.

துணிப்பைக்குக் குற்றமில்லையா? உண்டு. கத்தியுடையவன் அதைக் கிழிப்பான். புகைக்குழலைத் தொட்டால் உருகும். நைலோன் பை உருகி ஒட்டிய புகைக்குழலின் நாற்றம் ஒரு மாதம் போகாது. ஆகையால் குழலுக்கும் பைக்கும் நடுவே தகடோ சட்டமோ இருத்தல் வேண்டும். பெற்றோல் தாங்கியின் மேல் வைக்கும் சிறு பை நல்லது. நிறை வண்டியின் நடுவிலே நிற்கும். பணமும் கடிதமும் கண்முன் இருக்கும். அது காந்தத்தால் ஒட்டுவதாயின் தாங்கி இரும்பாக இருக்கவேண்டும் என்பதையும், கைபிடியை முற்றத் திருப்பும்போது பை தடுக்காதா என்பதையும் கடையிலேயே பார்த்துக்கொள்க. முதுகிலே பை மாட்டிக்கொண்டு நெடுந்தூரம் ஓட்டுவதை நான் ஒருபோதும் ஒப்பேன். நூறு கிலோமீற்றரில் தோள் சொல்லும். விழுந்தால் முள்ளந்தண்டு சொல்லும்.

கட்டுகின்ற கயிறு வேறோர் அதிகாரம். நம்மூரிலே சைக்கிள் ரியூப்பை வாராகக் கீறி எடுத்த இறப்பரே சர்வரோக நிவாரணி. மீன்பெட்டி, விறகு, பாண்பெட்டி, நோயாளி கூட அதனால் கட்டுண்டு வந்ததுண்டு. சந்தைக்குப் போய்வர அது போதும். இறப்பர் நிறை ஆட ஆடத் தானும் ஆடும். ஆடிய பொதி மெல்லச் சரியும். சரிந்த பொதியின் கயிற்றுத் தலைப்பு சங்கிலியிலோ சில்லிலோ சுற்றும். கொளுக்கி வைத்த இறப்பர்க் கயிறு கைதவறித் தெறித்தாற் கண்ணையே பறிக்கும். நெடுவழிக்கு வேண்டியது நீளாத பட்டைவார், இழுத்து இறுக்கும் பூட்டுடன். எஞ்சிய தலைப்பை முடிந்துவிட வேண்டும். புறப்பட்டு 30, 40 கிலோமீற்றரில் ஒருமுறை நிறுத்தி மீண்டும் இறுக்க வேண்டும்; துணி அமர்ந்து வார் தளர்ந்திருக்கும். பொதி ஏறியபின் ரயரின் காற்றையும் பின் விற்சுருளின் இறுக்கத்தையும் கைந்நூல் சொல்லுகின்றபடி கூட்டவேண்டும் என்பது கராச்சுக்காரர் எவருக்கும் தெரியும்.

இனி நீர். இங்கேதான் என் கதை வருகின்றது.

என் ஆசிரியர், பெரும் பண்டிதர், கடைசிக் காலத்தில் மட்டக்களப்பிலே மகள் வீட்டில் இருந்து அங்கேயே காலமானார். மலைபடுகடாத்துக்குத் தாம் நாற்பது வருடம் பாடஞ் சொன்னபோது எழுதிய குறிப்புக்களை மூன்று அப்பியாசக் கொப்பிகளிலே வைத்திருந்தார். உரையாசிரியர் பொருள் கொண்டதற்கு மாறாகத் தமக்குப் பட்டவை, ஊர் வழக்கிலே கேட்ட சொற்கள், விடை காணாத வினாக்கள் எல்லாம் அவற்றில் இருந்தன. நீல மையினாலே, ஊற்றுப்பேனாவால் எழுதியவை. 2013 ஆம் வருடம் கார்த்திகை மாதம் நான் சென்றபோது, அவர் மகள், நான் அக்கா என்று அழைப்பவர், அவற்றைக் கொண்டுவந்து என் கையிலே தந்தார். “தம்பி, இது அப்பாவின்ரை எழுத்து. உம்மட்டை இருக்கிறதுதான் சரி. கவனம்” என்றார்.

நான் அந்தப் பயணத்துக்கென்றே புதுப்பை ஒன்று வாங்கியிருந்தேன். நீர் புகாது என்று பையிலும் எழுதியிருந்தது, விற்றவரும் சொன்னார், பைப்பின்மேலே பிடித்துக் காட்டவுஞ் செய்தார். கொப்பிகளை அதில் வைத்துப் பல்லிணைப்பை இழுத்து மூடினேன். என் உடுப்பை மற்றப் பக்கத்துப் பழைய கன்வஸ் பையில், கடைப் பொலித்தீன் பையினாற் சுற்றி வைத்தேன். வாழைச்சேனை தாண்டியதும் மழை பிடித்தது. பொலனறுவை, ஹபரணை, மரதங்கடவளை என்று ஏ9 வீதி ஏறும்வரை விடவில்லை. யானை நடமாடும் பகுதி, நிற்கவும் மனமில்லை. வவுனியாவில் ஒரு தேநீர்க்கடை ஓரத்திலே நிறுத்திப் பையைத் திறந்தேன்.

பையினுள்ளே மூன்று விரல் நீர் நின்றது. துணி நீர் விடவில்லை. பல்லிணைப்பும் தையல் ஊசித்துளைகளும் விட்டிருந்தன. பைப்பு நீர் மேலிருந்து விழுவது; ஓடுகின்ற வண்டியில் மழை முன்னிருந்து குத்துவது; சில்லு கீழிருந்து அடிப்பது. இவ்வேறுபாடு கடையிலே எனக்குத் தோன்றவில்லை. உட்புகுந்த நீரை வெளியே விடாத அளவிலே அந்தப் பை தன் சொல்லைக் காத்தது. மேலே இருந்த இரண்டு கொப்பிகள் ஓரம் நனைந்திருந்தன. அடியில் இருந்தது முழுவதும் நீலமாயிருந்தது. விரித்தால் தாள் கையோடு வந்தது. ஓர் எழுத்துத் தெரியவில்லை.

என் சாரமும் சட்டையும் உலர்ந்தே இருந்தன.

பொலித்தீன் பை ஐந்து ரூபாய்க்கும் கிடையாத பொருள். உடுப்பை நம்பாமற் சுற்றியவன், ஆசிரியரின் எழுத்தைப் பையின் விளம்பரத்தை நம்பி வைத்தேன். வீட்டுக்கு வந்து எஞ்சிய இரண்டையும் நிழலிலே தாள் தாளாக உலர்த்திப் பெயர்த்தெழுதினேன். மூன்றாவதில் இருந்தவற்றுட் பாடங் கேட்ட நாளில் என் நினைவிலே பதிந்தவற்றை எழுதி வருகின்றேன். நினைவு வேறு, எழுத்து வேறு. எது அவர் சொன்னது, எது நான் பின்னர் நினைத்தது என்று பிரிக்க முடியாத இடங்கள் பல.

ஆகையால் நீரைப்பற்றி நான் சொல்வதைக் கேட்பீராக. பல்லிணைப்பு எவ்வளவு சிறந்ததாயினும் நம்பற்க. வாயை மூன்று மடிப்பு மடித்துப் பூட்டுகின்ற பை நல்லது. தையலின்றிச் சூட்டினால் ஒட்டியதாயின் மிக நல்லது. மேலே போர்க்கும் மழையுறை காற்றிலே பறக்கும். அல்லது தானே நீரைத் தேக்கும். பெட்டியின் இறப்பர் விளிம்பும் சில வருடத்தில் வெடிக்கும். எந்தப் பையாயினும் பெட்டியாயினும் உள்ளே இன்னொரு பை, வாய் முடிந்தபடி, இருத்தல் வேண்டும். மழையங்கி எல்லாவற்றுக்கும் மேலே இருக்கவேண்டும். மழையிலே நின்று மற்றப் பொருளையெல்லாம் நனைத்து அதைத் தேடுதல் கூடாது.

எதை எடுப்பது என்னும் வினாவுக்கு வருவோம். எங்கள் தலைமுறையார் இந்த வினாவை முதன்முதல் விடுமுறைக்காகக் கேட்டவர்கள் அல்லர். 1995 ஒக்ரோபர் 30 ஆந் திகதி இரவு வலிகாமத்திலிருந்து புறப்பட்டபோது எங்கள் வீட்டிலே துவிசக்கர வண்டிகள் இரண்டு இருந்தன. நான் தொல்காப்பிய உரைகளை உரப்பையிலே கட்டிக் கரியரில் ஏற்றினேன். அம்மா ஒன்றும் பேசாமல் அதை இறக்கி, அரிசியும் பானையும் ஏற்றினார். “புத்தகம் பிறகும் வாங்கலாம். பானை இப்ப வேணும்” என்றார். 1996 இல் மீண்டபோது அலுமாரி நின்றது; நூல்கள் இல்லை. சில பதிப்புக்கள் இன்றுவரை எனக்கு மீளக் கிடைக்கவில்லை. ஆயினும் அம்மா செய்தது பிழை என்று எனக்கு ஒருபோதும் தோன்றியதில்லை. நாவற்குழிப் பாலத்திலே நின்ற அந்த இரவில் அந்தப் பானையை எத்தனை பேர் இரவல் கேட்டார்கள்!

விடுமுறைப் பயணத்துக்கு அவ்வளவு கடுமை வேண்டா. வேண்டியவற்றையெல்லாம் திண்ணையிலே பரப்பி வைத்துப் பார்க்கும்படி அன்பருக்குச் சொன்னேன். பரப்பினார். மூவருக்கும் எட்டு நாளைக்கு எட்டுச் சோடி உடுப்பு! நம் நாட்டிலே துவைத்த சட்டை ஓரிரவிற் காயும்; மூன்று போதும். சமையல் அடுப்பு ஒன்று. எந்த ஊரிலே சோற்றுக்கடை இல்லை? ஒருநாட் கட்டுச்சோறு போதும். கூடாரத்தைக் குறித்து மட்டும் நீண்ட வாதம் நடந்தது. அவர்கள் பக்கம் வென்றது. பொத்துவிற் கடற்கரையிலே படுக்க ஆசையாம். இருக்கட்டும்.

விடக்கூடாதவை வேறு. புறநானூற்றிலே ஔவையார் பாட்டொன்றில், உப்பு வணிகர் மேடுபள்ளத்திலே அச்சு முறியுமென்று அஞ்சி, சேம அச்சு ஒன்றை வண்டியின் கீழே கட்டிக்கொண்டு செல்வது வருகின்றது. உப்புத்தான் சரக்கு, அச்சு பாரந்தான், ஆயினும் கட்டினார்கள். 1968 இல் தம் சிறுமகனைப் பின்னே இருத்தி மினசோட்டாவிலிருந்து கலிபோர்ணியா வரை ஓட்டிச் சென்ற றொபேட் பேர்சிக் என்னும் அமெரிக்க எழுத்தாளர், 1974 இல் வெளிவந்த தம் நூலிலே, எடுத்துச் சென்ற பொருள்களுக்கு நீண்ட பட்டியலே தருகின்றார். கழற்றிய பழைய சங்கிலி ஒன்றையும் அதிற் சேர்க்கின்றார். ஓடுகின்ற சங்கிலி அறுந்தால் அடுத்த கராச் வரை அது தாங்கும். உப்பு வணிகரின் அறிவே அது. நம் அன்பர்களுக்கு ஒரு ரியூப், கிளச்சுக் கம்பி, பிளக், சிறு கட்டுக்கம்பி, காற்றுப் பம்பி போதும். அவை கனத்தவை, ஆகையாற் பையின் அடியிலே, முன்பக்கமாக, இருபுறமும் பகிர்ந்து வைக்கப்படல் வேண்டும்.

பேர்சிக் மூன்று நூல்களையும் எடுத்துச் சென்றார்: தம் வண்டியின் கைந்நூல், பழுது காணும் பொதுநூல், தோரோ எழுதிய வோல்டன். மகனுக்கு அதை வாசித்துக் காட்டிக்கொண்டே போனாராம். நிறைக்கு அஞ்சி நூலை விட்டவர் அல்லர். இதைச் சொன்னதும் அன்பர், “ஐயா, எங்களுக்கு ஃபோனிலையே எல்லா நூலும் இருக்கு” என்றார். எனக்கு மறுமொழி வரவில்லை.

பெட்டி வாங்கப்படவில்லை. அன்பரின் நண்பர் ஒருவருக்குத் தெரிந்த தையற்காரர், லொறிக்குப் படங்கு தைப்பவர், தடித்த கன்வஸில் இருபுறப் பைகள் இரண்டு சோடி தைக்கின்றார். கொல்லர் ஒருவர் புகைக்குழல் பக்கத்துக்குச் சிறு சட்டம் வளைக்கின்றார். மூன்றாவது முயற்சியிலேதான் வளைவு சரிவந்தது. நிறை இருபுறமும் ஒக்கின்றதா என்று என் வீட்டுத் தராசிலே நிறுத்துப் பார்ப்பதாக ஒப்பந்தம்.

அவர்கள் மட்டக்களப்பில் ஓரிரவு தங்குகின்றனர். என் பொதி ஒன்றையும் ஏற்றிச் செல்ல இசைந்திருக்கின்றனர். இரண்டு கொப்பிகளின் பெயர்ப்பும், மூன்றாவதில் என் நினைவில் நின்றவையும் சேர்ந்த கட்டு. 1 கிலோவுக்கும் குறைவு. இரண்டு பொலித்தீன் பைகளில் இட்டு, வாயை மடித்துக் கட்டியாயிற்று. அக்காவுக்குக் கடிதம் ஒன்றும் அதனோடு செல்லவேண்டும். மூன்றாவது கொப்பிக்கு நேர்ந்ததை இத்தனை வருடமாக நான் அவருக்குச் சொல்லவில்லை. அவர் இந்தப் பத்திரிகையை ஒழுங்காக வாசிப்பவர். கடிதத்துக்கு முன்னரே இது அவர் கைக்குப் போகும். கடிதத்தில் முதல் வரி மாத்திரம் எழுதியிருக்கின்றேன்.